அந்தப் பத்துப் பேர்

ஆற்றங்கரை ஊரான கோஸ்தியின் சந்தையில் தானிய மண்டிகளுக்குப் பின்பக்கம், தோல் காயப்போடும் பொட்டலை ஒட்டி ஒரு சந்து போகும். அதன் நடுவில் சினீனின் தூம்பாக்குப் புகையிலைக் கடை. கடை என்றால் நாலு கம்பு, மேலே தகரம், முன்னால் ஒரு சாக்குப் படுதா. ஃபாஷிரிலிருந்து லாரியில் வரும் புகையிலைத் தூளைச் சலித்து, அத்ரூன் என்கிற காரக் கல்லைக் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அகலமான அலுமினியத் தாம்பாளத்தில் வைத்துப் பிசைவான். நெடி கண்ணில் ஏறும். புதிதாக அந்தச் சந்துக்குள் நுழைகிறவர்கள் இருமிக்கொண்டே போவார்கள். சினீன் இருமியதில்லை. மேற்கே டார்ஃபூரிலிருந்து இளவட்டமாக வந்து இறங்கிய நாள் முதல் அவனுக்கு இதுதான் பிழைப்பு.

லாரிக்காரர்கள், கரும்பாலை ஆட்கள், ஆற்று மீன்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும் அவனிடம்தான் வாங்கினார்கள். சின்னப் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பான். அங்கேயே ஒரு சிட்டிகை உருட்டிக் கீழ் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு, கவலை கொஞ்சம் தள்ளிப் போன முகத்தோடு நடப்பார்கள். சினீனின் உதட்டுக்குள்ளும் எந்நேரமும் ஓர் உருண்டை இருக்கும். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் துப்புவான்.

அவன் மனைவி கல்தூமா சந்தை வாசலில் கிஸ்ரா சுட்டு விற்றாள். புளித்த சோளமாவைச் சூடான தகட்டில் ஊற்றி ஓலைத் துண்டால் ஒரே இழுப்பாக இழுத்தால், துணி மாதிரி மெல்லிசாக விரியும். ஓரம் காய்ந்து எழும்பும்போது உரித்து அடுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மதியத் தொழுகை வரை எழுந்திருக்க முடியாது. முன்னால் தகட்டுச் சூடு, முதுகில் வெயில். இத்தனைக்கும் நடுவில் புருஷன் சாப்பிடுகிற விதம் மாறியதை அவள்தான் முதலில் கண்டாள்.

ஒரு நாள் வெண்டைக்காய்ப் பொடிக் குழம்பில் மிளகாய் வேண்டாம் என்றான். அடுத்த வாரம் கிஸ்ராவைக் குழம்பில் ஊறவைத்து வாயின் ஒரு பக்கமாகவே ஒதுக்கி விழுங்கினான்.

"நஜாத் வாப்பா, வாயைத் தெறங்க."

"எதுக்கு? பல்லை எண்ணப் போறியா?"

"தெறங்கன்னா தெறங்க."

கீழ் உதட்டை அவளே இழுத்துப் பார்த்தாள். வெந்த தோல் மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. அதன் நடுவில் பயறு அளவுக்கு ஒரு புண். ஓரம் கெட்டியாகத் தடித்திருந்தது.

"அத்ரூன் சுட்டது. நான் உருண்டையை அந்தப் பக்கம் மாத்தி வச்சாச்சு."

"எத்தனை நாளா?"

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மறுநாளே கல்தூமா மகள் நஜாத்தைத் தகட்டின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவனைக் கார்த்தூம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் புற்றுதான் என்றார்கள். ஆரம்ப நிலை, வெட்டி எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். ஆரம்பம் என்ற சொல்லைக் கல்தூமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வார்டில் சினீனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆளும் கோஸ்திதான். பெயர் பஷாரி. ஆற்றில் சொந்தப் படகு வைத்து மீன் பிடிக்கிறவன், பெண்டாட்டி செத்து வருஷமாகிறது. அவனுக்கும் அதே இடத்தில், அதே அளவில் புண். சினீனைப் பார்த்ததும் அவன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"ஓய் சினீன். நீர் இங்க என்ன பண்றீரு? கடையை யாரு பாக்கா?"

"பூட்டிக் கெடக்கு."

"இருபது வருஷமா உம்ம சரக்கைத்தான் வச்சேன். கடைசியில உம்மையும் கடிச்சிட்டுதா அது?"

சினீன் தரையைப் பார்த்தான். பஷாரி சிரித்துக்கொண்டே வெற்றுக் காலால் அவன் கட்டிலை ஒரு இடி இடித்தான்.

"அட, மூஞ்சியைத் தொங்கப் போடாதீரும். நீரா வந்து என் உதட்டைப் பிரிச்சு வச்சீரு?"

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அறுவை நடந்தது. சினீனுக்குக் கீழ் உதட்டில் ஒரு பக்கம் மடிப்பு விழுந்தது. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் ஒழுகும். 'ப'வும் 'ம'வும் காற்றாகப் போயின. பஷாரிக்கும் அதே மாதிரிதான். இரண்டு பேரும் பேசிக்கொண்டால் மற்ற நோயாளிகளுக்கு ஒன்றும் புரியாது. அவர்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொள்வார்கள். பழகிப்போன கல்தூமாவின் காதில் மட்டும் ஆற்றங்கரைச் செய்தியெல்லாம் விழுந்தது. பஷாரிக்கு ஆற்றுக்கு அக்கரை ஊரான ரபக்கில் ஒரு கைம்பெண்ணைப் பேசி வைத்திருக்கிறார்கள். நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ்.

வெட்டிய சதையின் பரிசோதனை வந்த அன்று டாக்டர் ராவ்யா சினீனையும் கல்தூமாவையும் அறைக்குள் கூப்பிட்டாள். சின்ன வயசுக்காரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பேசுவாள்.

"ஓரமெல்லாம் சுத்தமா வந்திருக்கு. வேர் ஆழமா எறங்கல. நரம்புப் பக்கம் போகல. இதையெல்லாம் வச்சு ஒரு கணக்குப் போடுவோம், திரும்ப வருமா வராதான்னு. உங்களுக்குக் குறைஞ்ச ஆபத்துன்னு வருது."

"குறைஞ்சதுன்னா எவ்வளவு?" என்றாள் கல்தூமா.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி நூறு பேரை எடுத்துக்கிட்டா, தொண்ணூறு பேருக்குத் திரும்பாது. பத்துப் பேருக்குத் திரும்பலாம்."

சினீன் உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டான். "நான் தொண்ணூறா, பத்தா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"உங்க கணக்குக்குத் தெரியாதா?"

"கணக்குக்கு நூறு பேரைத் தெரியும். ஒருத்தரைத் தெரியாது."

பிறகு அவள் கழுத்தைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வழி இருக்கிறது. நோய் பரவினால் முதலில் போய்த் தங்கும் கழுத்து நெறிகளை இப்போதே எடுத்துவிடலாம். எடுத்தால் தோள் பலம் குறையும், கையைத் தூக்க முடியாமல் போகலாம். இல்லாவிட்டால் அடிக்கடி வந்து காட்டி, கட்டி எழுகிறதா என்று பார்த்து வரலாம். குறைந்த ஆபத்துக்காரர்களுக்குப் பார்த்து வருவதே போதும் என்பதுதான் தன் எண்ணம் என்றாள். சினீன் கல்தூமாவைப் பார்த்தான். தோள் போனால் அவனுக்குப் பிசைகிற கை இல்லை. கல்தூமா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"வராத எடத்துல எதுக்குக் கத்தி?" என்றாள்.

அவர்கள் வெளியே வந்தபோது பஷாரி உள்ளே போனான். அவன் திரும்பி வர நேரமாயிற்று. வந்ததும் கட்டிலில் குறுக்கே விழுந்தான்.

"எனக்குப் பாதிக்குப் பாதியாம். வேர் ஆழமாப் போயிருக்காம், நரம்பைச் சுத்திக்கிட்டிருக்காம். கழுத்தைத் தெறந்து எல்லாத்தையும் வழிக்கணும், அதுக்கப்புறம் கதிர் வைக்கணும்னு சொல்லுது அந்தப் பொண்ணு."

"பாதிப் பேருக்கு வராதுன்னும்தானே அர்த்தம்," என்றான் சினீன்.

"நீர் சொல்வீரு. உம்ம கையில தொண்ணூறு இருக்கு."

சினீன் மனதுக்குள் கணக்கைத் திருப்பிப் பார்த்தான். தன் சரக்கை வாங்கிப் போட்டவனுக்குப் பாதி, பிசைந்து விற்ற தனக்குத் தொண்ணூறு. அன்று மாலை டீ வந்தபோது அவன் தன் டம்ளரையும் பஷாரியிடமே நீட்டினான்.

ஊருக்கு வந்ததும் ஒரு ஆடு அறுத்துச் சந்தில் எல்லாருக்கும் சோறு போட்டார்கள். குறைந்த ஆபத்து என்ற சொல் சந்தையில் பரவி, கடைசியில் 'சினீனுக்கு ஒண்ணும் இல்லையாம்' என்றாகிவிட்டது. கல்தூமாவும் அதைத் திருத்தவில்லை. திருத்துவானேன்? தொண்ணூறு பேர் என்பது எவ்வளவு பெரிய கூட்டம். வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறவர்களைத் தவிர எல்லாரும்.

சினீன் உருண்டை வைப்பதை விட்டுவிட்டான். விற்பதை விடவில்லை. கல்தூமா கேட்டுப் பார்த்தாள்.

"நாமளே பட்டுட்டு வந்து, அதையே இன்னொருத்தனுக்கு முடிஞ்சு குடுக்கிறோமே."

"நான் குடுக்கலன்னா அடுத்த சந்துல வாங்குவான். எனக்கு வேற என்ன தெரியும்? கிஸ்ரா சுடவா?"

ஆனால் சந்தைக்கு அவன் முகம் பிடிக்கவில்லை. வாங்க வந்தவர்கள் அவன் உதட்டைப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி நகர்ந்தார்கள். ஒரு லாரிக்காரன் நேராகவே சொன்னான்: "அண்ணே, உன் வாயைப் பாத்த பெறகு என் வாயில எப்படி வைக்கிறது?" சினீன் படுதாவை இறக்கிவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்து கொண்டான். சாக்குக்கு வெளியே கை மட்டும் நீளும். அப்புறம் வியாபாரம் கொஞ்சம் தேறியது. அதைச் சொல்லி அவன் வீட்டில் சிரித்தபோது கல்தூமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பஷாரி கார்த்தூமிலேயே தங்கிக் கழுத்தறுவையும் கதிரும் முடித்துத் திரும்பினான். ஒரு தோள் சரிந்திருந்தது. கழுத்துத் தோல் அடுப்புக்கல் மாதிரி கறுத்திருந்தது. எச்சில் ஊறுவது நின்று, எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது என்றான். படகைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்தான். ரபக் கைம்பெண்ணின் அண்ணனைப் போய்ப் பார்த்து, ஏற்கெனவே ஒருத்தனைக் குழியில் வைத்தவளுக்கு இன்னொரு குழி வேண்டாம் என்று பேச்சை முறித்துவிட்டு வந்தான். அவள் மழைக்காலத்துக்கு முன்னால் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள்.

மழை பிடித்தது. சந்தில் கணுக்கால் சேறு. புகையிலைத் தூள் ஈரம் கோக்காமலிருக்க சினீன் மூட்டைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலின் மேல் அடுக்கினான். அப்படி ஒரு மூட்டையை அவன் இறக்கும்போது தலைப்பாகை அவிழ்ந்தது. கல்தூமா எடுத்துச் சுற்றிவிட்டாள். தாடைக்குக் கீழே துணியை இழுத்த விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பேரீச்சங்கொட்டை அளவு. அமுக்கினால் நகரவில்லை.

"கொசு கடிச்சது," என்றான் சினீன். அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான்.

கார்த்தூமில் டாக்டர் ராவ்யா விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வெகுநேரம் வைத்திருந்தாள். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் அதுதான் என்று வந்தது.

கல்தூமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கதானேம்மா குறைஞ்ச ஆபத்துன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அந்தக் கணக்கு தப்பா?"

"தப்பு இல்ல. பத்துப் பேருக்கு வரலாம்னு சொன்னேன். அந்தப் பத்துப் பேர்ல இவரு ஒருத்தர்."

"அப்பவே கழுத்தைத் தெறந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். ஆனால் துடைக்கவில்லை. "தெறந்திருந்தா அப்பவே கெடைச்சிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவுல அப்பவே அங்க இருந்திருக்கணும். ஆனா இன்னைக்கு இவரை மாதிரியே ஒருத்தர் வந்தா, நான் அதேதான் சொல்வேன். தொண்ணூறு பேரோட தோளைச் சும்மா வெட்ட முடியாதும்மா."

கல்தூமாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாராவது ஒருத்தர் தூங்கிப்போயிருந்தால், சீட்டு மாறிப்போயிருந்தால், அந்த ஆளின் கதவைப் போய் உடைக்கலாம். இந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது. அவளை என்ன செய்வது? 'எதுக்குக் கத்தி' என்று சொன்னது தன் வாய்தான். அதுவும் அன்றைக்குச் சரியான பேச்சாகத்தான் இருந்தது.

"அந்தத் தொண்ணூறு பேரும் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுல இருப்பாங்க," என்றாள் டாக்டர் மெதுவாக.

கழுத்தைத் திறந்தார்கள். கதிர் வைத்தார்கள். மூட்டை தூக்கிய தோள் சரிந்தது. வெயில் காலம் வந்து, தெற்கிலிருந்து புழுதிப் புயல் செக்கச்செவேலென்று எழுந்து ஊரை மூடிய நாட்களில் தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடி முளைத்தது. இந்தத் தடவை பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

கல்தூமா விடிவதற்குள் மாவு கரைத்து, நஜாத்திடம் தகட்டை ஒப்படைத்துவிட்டுப் புருஷனோடு இருந்தாள். அவனால் வாயை விரலளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. கஞ்சியையும் பாலையும் கரண்டி நுனியால் விட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பஷாரி வந்தான். புல்தி மீனை முள் இல்லாமல் வழித்து, வேகவைத்து, மசித்தால் தொண்டையில் இறங்கும் என்று கொண்டுவருவான். கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஆற்றுச் செய்தி சொல்வான். எந்தப் படகு கவிழ்ந்தது, எந்த அதிகாரி மீனை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் போனான் என்று. சினீன் கண்ணால் சிரிப்பான்.

கல்தூமா அடுப்பருகில் இருந்து பஷாரியின் கழுத்தையே பார்ப்பாள். கறுத்த தோல்தான். ஆனால் வழவழவென்று, ஒரு கணு இல்லாமல் கிடந்தது. பாதிக்குப் பாதி என்று சொல்லப்பட்ட கழுத்து. அவளுக்குள் ஏதோ அமிலம் மாதிரி எழும்பும். அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் இன்னும் அருவருப்பாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவனை முற்றத்து வாசலிலேயே நிறுத்தினாள்.

"பஷாரி அண்ணே, இனி மீன் கொண்டாராதீங்க."

"ஏன் நஜாத்தும்மா, எறங்கலயா அவருக்கு?"

"எறங்குது. நீங்க வராதீங்க. உங்களைப் பாக்க என்னால முடியல."

அவன் மீன் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அதை மதில் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சினீன் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். பிறகு சைகையில் கேட்டான். கல்தூமா பொய் சொல்லத் தெரியாதவள். சொன்னாள். சினீன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றைக்குப் பால் வேண்டாம் என்றுவிட்டான்.

மறுநாள் காலை அவள் தோப் என்கிற போர்வைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள். பாலத்துக்குக் கீழே, ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் படகுகள் நின்றன. பஷாரி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கையால் வலை இழுத்துக்கொண்டிருந்தான். மற்ற கை தோளுக்கு மேலே எழவில்லை. படகில் உட்கார்ந்து அவனை அதட்டிக்கொண்டிருந்தது அவன் தம்பி.

பஷாரி கரையேறி வந்தான்.

"இது உங்க படகுதானே?" என்றாள் கல்தூமா.

"இருந்துச்சு. சாகப் போறவனுக்குப் படகு எதுக்குன்னு குடுத்துட்டேன். இப்ப கூலிக்கு இழுக்கேன். குடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியுமா? என்னன்னு கேக்கிறது? நான் சாகல, படகைத் தாடான்னா?"

அவன் சட்டை முனையைப் பிழிந்தான். ஆற்றுத் தண்ணீர் அவன் காலில் சொட்டியது.

"ரபக்ல அவளை ஒரு தரம் சந்தையில பாத்தேன். வயித்துல புள்ளை. என்னைப் பாத்துட்டு, இன்னும் இருக்கியான்னு கேட்டா. திட்டல. ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டா."

கல்தூமா தோபின் முனையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"நீங்க வராதீங்கன்னு சொன்னப்ப எனக்குக் கோவம் இல்ல நஜாத்தும்மா. நானே என்னைப் பாக்க முடியாமத்தான் திரியுறேன். தெனம் காலையில கண்ணு முழிக்குமுன்னே கை கழுத்துக்குப் போயிரும். இருக்கான்னு தடவுவேன். இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ஆத்துல நிக்கும்போதும் தடவுவேன். தம்பி சிரிக்கான்."

"வாங்க," என்றாள் அவள். "அவரு கேக்காரு. நானும்தான் கேக்கேன்."

அவன் தம்பியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஈரத்தோடே அவள் பின்னால் நடந்தான்.

சினீன் அவனைக் கண்டதும் எழ முயன்றான். கல்தூமா முதுகில் கை கொடுத்துத் தலையணைக்குச் சாய்த்து உட்காரவைத்தாள். பஷாரி முக்காலியில் உட்கார்ந்தான். ஆற்றுச் செய்தி எதுவும் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் யாரோ காப்பிக்கொட்டை இடித்தார்கள்.

பிறகு பஷாரி முக்காலியை இன்னும் கிட்டே இழுத்தான்.

"ஓய் சினீன். ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீரும். என் கை எனக்குப் பொய் சொல்லுது. உமக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. நீரு பாத்துச் சொல்லும்."

தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினான். கல்தூமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாகக் கிடக்கிறவனிடம் கேட்கிற காரியமா இது? தடுக்க வாயெடுத்தாள். சினீன் அதற்குள் கையைத் தூக்கியிருந்தான்.

அவன் இரண்டு விரலால் தாடைக்குக் கீழே தொடங்கினான். காதுக்குப் பின்னால் போனான். தையல் கோட்டின் மேலும் கீழும் இறங்கி, தோள் எலும்பு வரைக்கும் வந்தான். களைத்துப்போய்க் கையைத் தொங்கவிட்டு, மூச்சு வாங்கி, மறுபக்கத்தைத் தொட்டான். பஷாரி கண்ணை மூடியிருந்தான்.

"இல்ல," என்றான் சினீன். காற்றாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் புரிந்தது.

"நிச்சயமாவா?"

சினீனின் தோள் குலுங்கியது. இருமுகிறானோ என்று கல்தூமா குனிந்து பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். விரலளவு திறந்த வாயின் ஓரத்தில் எச்சில் வழிந்தது.

"நிச்சயத்தை என்கிட்டயா கேக்கீரு," என்றான்.

பஷாரியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் முகத்தை மெத்தையில் புதைத்து அழுதான். சினீன் அவன் தலையில் கையை வைத்தபடி இருந்தான். கல்தூமா இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிறவனைத் தேற்ற வேண்டியதா, சிரிக்கிறவனின் வாயைத் துடைக்க வேண்டியதா என்று தெரியாமல், துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

ஆறு நிறைந்து பெருகும் முன்பே சினீன் போய்ச் சேர்ந்தான். பஷாரியும் பலமில்லாத தோளால் சந்தூக்குப் பெட்டியின் ஒரு மூலையைக் கொஞ்ச தூரம் சுமந்தான். பிறகு வேறொருவன் வாங்கிக்கொண்டான். கடையை யாரும் எடுக்கவில்லை. கல்தூமா தாம்பாளத்தையும் மூட்டைகளையும் அப்படியே விட்டுவிட்டுக் கம்புகளை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து அடுப்புக்கு வைத்தாள்.

அதற்குப் பிறகும் பஷாரி முறை தவறாமல் கார்த்தூமுக்குப் போய்க் கழுத்தைக் காட்டிவிட்டு வருகிறான். பஸ் நிலையத்திலிருந்து ஆற்றுக்குப் போகிற வழி சந்தை வாசல்தான். ஒரு நாள் திரும்பி வரும்போது அவன் பார்க்காத மாதிரி எதிர்ப்பக்கமாகவே நடந்து போய்விடப் பார்த்தான். கல்தூமா கண்டுவிட்டாள்.

"பஷாரி அண்ணே."

அவன் நின்றான்.

"என்ன சொன்னாங்க?"

அவன் செருப்பைப் பார்த்தான். "இப்போதைக்கு இல்லன்னாங்க."

நல்லது என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். அதற்குள் தகட்டில் ஊற்றியிருந்த மாவு ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அடுத்ததற்கு மாவு அள்ளினாள்.

"உக்காருங்க," என்றாள். "சூடா இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."